கடற்கரைக்கு வருபவர்கள்

பிப்ரவரி 12, வியாழன்

இன்று ஜெயித்தேன். உடுப்பிப் பக்கத்துக் கடற்கரைக்கு நான் வரைந்த வசதித் திட்டத்தில், துப்புரவுப் பெண்களுக்குக் கழிப்பறையோடு ஓர் அறை இருந்தது. கூட்டத்தில் நிதி அதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“இது விசிட்டர்ஸ்க்குன்னு குடுக்கற காசும்மா. கூட்டறவங்க விசிட்டரா?”

நாளெல்லாம் அடுத்தவர் கழிப்பறையைக் கழுவுகிறவர்கள் ஒதுங்கப் புதருக்குப் போக வேண்டும். அதே திட்டத்தில் இருந்த செல்ஃபி மேடையை மட்டும் யாரும் அடிக்கவில்லை.

அந்தக் காசை ஒதுக்கிய அரசாணையின் கன்னடப் பிரதியை எடுத்து வாசித்தேன். அதில் விசிட்டர் என்ற சொல்லே இல்லை. ‘பருவவரு’ என்றுதான் இருக்கிறது. வருபவர்கள், அவ்வளவுதான்.

“அவங்களும் தினம் பஸ் புடிச்சு பீச்சுக்கு வர்றவங்கதானே சார்? அங்கயேவா குடியிருக்காங்க?”

எங்கள் எஞ்சினியர் செல்வராஜ் சார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“எந்த ஏரியாம்மா நீ?”

“மர்பி டவுன் சார்.” பெங்களூரில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன எங்கள் தமிழ்ப் பேட்டை.

“அதான் இந்த வாய்” என்று சிரித்து, ‘சேர்க்கலாம்’ என எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் செல்வராஜ் சார், “இனிமே உன்ன மீட்டிங்குக்கு இட்டுனு வரமாட்டேன்” என்றார். அடுத்த மீட்டிங் வரட்டும், பார்க்கலாம்.

அந்த அறைக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் என்று வரைபடத்தில் இப்போதுதான் குறித்தேன்.