நீங்கள் நிறுத்திய வரி

என்னங்க,

இன்று காலை நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதே மூக்குக்குத் தெரிந்தது, கோடை முழுக்க வெடித்துக் கிடந்த மண் நனைகிற வாசனை. சற்று நேரத்தில் உங்கள் தம்பி சூசை மண்வெட்டியோடு கொல்லைப் பக்கம் வந்தார். "அண்ணி, மொதல்ல உங்க கீழ்ப்பங்குக்குத்தான் தண்ணி விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமா கூலி வேலை செய்து, வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம் அது. அவருக்குப் பின் மேல்பங்கு சூசைக்கு, கீழ்ப்பங்கு உங்களுக்கு என்று பிரிந்தது. ஆற்றில் தண்ணீர் தாமதித்த அந்த வருடம், சூசை தன் வயலுக்கு மட்டும் பாய்ச்சிக்கொண்டு மடையை அடைத்துவிட்டார். நம் நாற்றங்கால் கருகியது. கேட்கப் போன உங்களிடம், வரப்பில் நின்றவர்கள் காதில் எல்லாம் விழும்படி, "ஒத்தப் பொட்டப்புள்ளைய வச்சிருக்கிறவனுக்கு நெலம் என்னத்துக்கு?" என்றார். நாற்று போனதை அடுத்த நடவிலேயே மறந்துவிட்டீர்கள். நம் கிளாராவை வைத்துச் சொன்ன சொல்லை மறக்க உங்களால் முடியவில்லை.

அன்றும் விளக்கு வைத்ததும் குடும்ப செபத்துக்கு முழங்காலில் நின்றீர்கள். இயேசு கற்றுத்தந்த பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று வருகிற வரியில் நின்றுவிட்டீர்கள். நானும் கிளாராவும் சொல்லி முடித்த பிறகு, அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டீர்கள். மறுநாளும் அப்படித்தான். கிளாரா பள்ளி முடித்து, தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அப்படியேதான். கோயிலில் பூசை நேரத்தில்கூட, அத்தனை பேர் குரலுக்கு நடுவே, உங்கள் குரல் அங்கே இல்லாமல் போவது எனக்கு மட்டும் கேட்கும்.

கிளாராதான் ஒருநாள் கேட்டாள். "தெனமும் இதே செபந்தானேப்பா? அர்த்தம் தெரிஞ்சு ஒரு தடவ சொன்னா போதாதா?"

"அர்த்தம் தெரிஞ்சுபோச்சுன்னு யாரு சொன்னா? எனக்கு இன்னும் பாதிகூட உள்ள எறங்கல."

"அப்ப அந்த எடத்துல மட்டும் ஏன் வாய மூடிக்கிறீங்க?"

நீங்கள் அவளைக் கோபிக்கவில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னீர்கள். "கடவுள்கிட்ட பொய் சொல்லக் கூடாதும்மா. அதுக்காக, சொல்றத விட்டுடவும் கூடாது. தெனம் அந்த வரி வரைக்கும் போறேன்ல? ஒரு நாளைக்குத் தாண்டிருவேன்."

எனக்கு அப்போது அது சமாளிப்பாகத்தான் பட்டது.

பிறகு ஒரு மாலை. சம்பா அறுவடை முடிந்திருந்தது. விசேஷம் ஒன்றும் இல்லை. சூசை மன்னிப்புக் கேட்டு வரவும் இல்லை. வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தோம். அந்த வரி வந்தது. உங்கள் குரல் நிற்கவில்லை. கிளாரா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உங்களுக்கே அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து, "நீங்க முடிங்க, வந்துடறேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். எங்கே செபம் முடிக்க? நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடிவந்தோம்.

சூசை வாசலில் கன்றுக்குட்டிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் கையை உதறாமல் அப்படியே எழுந்து நின்றார்.

"சூசை, நாளைக்கு வாய்க்கா வெட்டப் போறேன். நீயும் வா."

"அண்ணே, அன்னைக்குப் புள்ளயப் பத்தி நான் பேசினது..."

"அதுக்குத்தான் எனக்கு இம்புட்டு நாளு ஆச்சு. ஆயிருச்சு. விடு."

தவிட்டுக் கையோடு அவர் உங்களைக் கட்டிக்கொண்டார். பிறகு கிளாராவின் பக்கம் திரும்பினார். அவள்தான், "சித்தப்பா, என் காலேஜ் ஆண்டுவிழாவுக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். சூசையின் மனைவி லூர்து உள்ளே போய் உலை வைத்தாள். அன்று நாம் அங்கேதான் சாப்பிட்டோம்.

போன கார்த்திகையில் உங்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது, வண்டியில் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தவர் சூசைதான். கல்லறைக்குப் போய் வந்த அன்று மாலை அவரும் லூர்துவும் நம் வீட்டுக்கு வந்து, எங்களோடு முழங்காலில் நின்றார்கள். அன்று நான் தடுக்கி நின்றது வேறொரு வரியில். உமது சித்தம் நடக்கட்டும் என்று சொல்லவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். எப்படிச் சொல்வேன்? அவர் சித்தம் நடந்துதானே நீங்கள் இல்லை?

செபத்தையே விட்டுவிடலாமா என்று ஒருநாள் சூசையிடம் கேட்டேன். "வாய் வரல தம்பி."

"விட்டுடாதீங்க அண்ணி. அண்ணன் விட்டிருந்தா எனக்கு அண்ணன் கெடைச்சிருப்பாரா? அந்த எடம் வந்தா நீங்க சும்மா இருங்க. உங்களுக்கும் சேத்து நாங்க சொல்றோம்."

அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் பேசாமல் இருக்கிறேன், தினமும் மாலை வருகிற சூசையும் லூர்துவும் சொல்கிறார்கள். இப்போது சென்னையில் வேலையில் இருந்துகொண்டு போனில் சேர்ந்துகொள்கிற கிளாரா, அங்கே மட்டும் குரலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள். நீங்கள் சொன்னது சமாளிப்பு இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நம்பிக்கை இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்னும் நம்பிக்கை வராதவர்களையும்தான் அதைத் தினமும் சொல்லச் சொல்லியிருக்கிறார் இயேசு.

நேற்று மாலை அந்த வரியில் என் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. லூர்து பார்த்துவிட்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.