ஒப்பிட எடுத்த எச்சில்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டியா?" என்பாய், நான் "ம்" என்பேன், "சரி, வை" என்பாய். அதற்குள் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது.

தோலுக்கு நிறம் தரும் செல்களின் மேல் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. 'கறுப்பு நிறமி செய்' என்று உடம்பு அனுப்பும் செய்தியைக் கேட்கிற காது என்று வைத்துக்கொள். அதை உண்டாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே காது மந்தமாகிவிடும். என் ஆய்வு அதைப் பற்றித்தான். ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றமில்லாத ஒரு மாதிரி வேண்டியிருந்தது. பிறரைக் கேட்கக் கூச்சப்பட்டு, என் கன்னத்தின் உட்புறத்தையே பஞ்சால் துடைத்து வைத்தேன். என்னைவிடக் கறுப்பாக யார் கிடைப்பார்கள் என்ற தைரியம்தான்.

முடிவு வந்ததும் கூட வேலை செய்யும் அக்கா, "ஏய், ஒழுங்கா ஒரு ஆள் வேணும்னு தேடினா உன்னையா புடிச்சோம்!" என்று சிரித்தார். அந்த மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு. எனக்கு ஒன்று மாறியிருக்கிறது. மற்றது சரியாக இருப்பதால் வெளியே தெரியவில்லை.

என்னால் சிரிக்க முடியவில்லை. உன் பாப்பாவின் செம்பட்டை முடிதான் நினைவுக்கு வந்தது. கணவன் மனைவி இருவரிடமும் இப்படி ஒரு பிரதி ஒளிந்திருந்தால், குழந்தை வெளிர் தோலும் செம்பட்டை முடியுமாகப் பிறக்கலாம். எனக்கு இது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் வந்திருக்கும். அவர்களுக்குத்தான் நீயும் பிறந்தாய்.

அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

அன்புடன்,
உன் பூனை

ஜூன் 14

பூனைக்கு,

உன் கடிதத்த லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து திரும்பத் திரும்பப் படிச்சேன். கூட வேலை செய்யறவன், "என்னண்ணே, காதல் கடுதாசியா?"ன்னான். "காது கடுதாசிடா"ன்னேன். அவனுக்குப் புரியல.

நீ படிச்சவ. ஆனா "பிறக்கலாம்"னு எழுதியிருக்க. அந்த "லாம்"தான் இடிக்குது. பாப்பா பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல சித்தப்பா எல்லார் முன்னாடியும், "என்னடா, பொருள் மாறி வந்துடுச்சா?"ன்னார். நான் சிரிக்கிற மாதிரி நின்னேன். உன் அண்ணிய வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவகிட்ட, "இது யார் ஜாடை?"ன்னு கேட்டுட்டேன். அவ உடனே பொட்டி கட்டிட்டா.

நானும் பஞ்சால துடைச்சு இதோட வெச்சிருக்கேன். பாத்துச் சொல்லு. இருக்குன்னு வந்தா அந்தக் காகிதத்த எடுத்துட்டு நேரா போறேன். அவ அண்ணன் முன்னாடியே மன்னிப்பு கேக்கறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

பஞ்சு வந்து சேர்ந்தது. நீ ஒட்டிய உறையை நான் பிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

'இல்லை' என்று வந்தால் அது அண்ணிக்கு எதிரான சாட்சி ஆகாது. நிறத்தை மாற்றும் மரபணுக்கள் எத்தனையோ. எனக்குப் பார்க்கத் தெரிந்தது இந்த ஒன்றுதான். ஆனால் உனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். 'இருக்கிறது' என்று வந்தால் எனக்கு இன்னும் பயம். நீ காகிதத்தை நீட்டுவாய், அண்ணி கதவைத் திறந்துவிடுவார். காகிதம் சொன்ன பிறகுதான் நம்பினாய் என்பது ஆயுசுக்கும் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

நேற்று அண்ணியே போன் செய்தார். "வெயில் பட்டா பாப்பா உடனே சிவந்து போறா. என்ன செய்யறது?" என்று கேட்டார். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடச் சொன்னேன். மெல்ல என் முடிவைப் பற்றி ஆரம்பித்தேன். "அதெல்லாம் உங்க அண்ணனுக்குச் சொல்லு. எனக்குத் தெரியாததா?" என்றார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் உடனே போனை வைக்கவில்லை. பாப்பா எதையோ தட்டுகிற சத்தத்தை இருவரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தது ஒன்று இருக்கிறது. தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். எந்தச் சோதனை முடிவுக்காகவும் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், "நான் கேட்டது தப்பு" என்று மட்டும் அண்ணியிடம் சொல்வாயா?

பூனை