மீசை வைத்த முடிச்சு

மார்ச் 3, திங்கள்

மெஷினை எட்டி உதைத்ததில் என் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்றும் முடிச்சு அவிழ்ந்தது. தெற்கு வயலில் போட்ட கட்டுகளில் பாதியைத் திரும்பப் போய்க் கையால் கட்ட வேண்டியதாயிற்று. கோதுமையை அறுத்து, கட்டாகச் சேர்த்து, சணல் கயிற்றால் தானே முடிச்சுப் போட்டு வெளியே தள்ள வேண்டும் இந்த மெஷின். அதற்குத்தான் இதை வாங்கினேன். ஊசி கயிற்றைச் சுற்றிக் கொண்டுவரும். கிளிமூக்கு மாதிரி இருக்கிற இரும்பு மூக்கு ஒரு சுற்றுச் சுற்றி, வாயைத் திறந்து கயிற்று நுனியைக் கவ்வும். கத்தி வெட்டும். கட்டு வெளியே விழும். ஒழுங்காக ஓடினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒழுங்காக ஓடாததற்குக் காரணம் நான்தான். போன வருடம் கயிறு சிக்கிய ஆத்திரத்தில் முடிச்சுப் பெட்டியைச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். மூக்கின் ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அது போடும் முடிச்சிலெல்லாம் கயிறு ஓரிடத்தில் பிய்ந்து நார்நாராக நிற்கிறது, பூனை மீசை மாதிரி. எந்தக் குவியலில் கலந்தாலும் என் கட்டை நான் கண்டுபிடித்துவிடுவேன். "அண்ணன் முடிச்சுக்கு மீசை முளைச்சிருக்கு" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அதெல்லாம் நிலத்தைப் பாகம் பிரிப்பதற்கு முன்னால். இப்போது அவன் வயல் அவனுக்கு, என் வயல் எனக்கு. அவனிடமும் இதே மாதிரி மெஷின்தான். பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 5, புதன்

கயிற்றை எடுக்கக் கையை விட்டேன், ஊசி எகிறியது. நகத்தை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் விரல் கட்டோடு கட்டாக வெளியே விழுந்திருக்கும்.

போதும் என்று மூக்கைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் சோடாபுட்டி (கண்ணாடி அத்தனை தடிமன், மற்றபடி கெட்டிக்காரர்) புது மூக்கு வைத்திருந்தார். பழையதை அவர் காலடியில் எறிந்து, "குப்பையில போடுங்க, இல்ல எவனுக்காவது குடுங்க, என் கண்ணுல மட்டும் படக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

புது மூக்கு அற்புதம். முடிச்சுகள் மழமழவென்று இருக்கின்றன, மீசை கிடையாது.

ஆனாலும் நாள் நாசமாய்ப் போயிற்று. மத்தியானம் பெல்ட் அறுந்தது, டீசல் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மனைவி லாரி, மழை என்று ஏதோ ஆரம்பித்தாள். "வாயை மூடுடி!" என்று டம்ளரை வீசினேன். அவள் மேல் படவில்லை. சுவரில்தான் பட்டது. அவள் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இனி நாலைந்து நாள் பேச மாட்டாள். நிம்மதி.

மார்ச் 7, வெள்ளி

தெற்கு வயல் காலி. ஒரு கட்டுகூட இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருடன் காதுக்குப் போய்விடும், ஒளித்துவிடுவான். என்னிடமேவா? கிடைக்கட்டும், கையை உடைக்கிறேன்.

மார்ச் 8, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் தம்பி வீட்டு வழியாகப் போனேன். அவன் கொட்டகையில் கூரை முட்ட கட்டுகள். வேலியைத் தாண்டிப் போய் ஒன்றைப் புரட்டினேன். மீசை. இன்னொன்றை இழுத்தேன். மீசை. தொட்டதெல்லாம் மீசை. என் மூக்கு போட்ட முடிச்சு, என் வயல் கோதுமை, அவன் கூரைக்குக் கீழே!

"திருட்டு நாயே, வெளிய வாடா!"

வந்தான். வாயில் பிரஷ், தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் சிரிச்சான். ஏன்டா சிரிச்சே? அந்தச் சிரிப்புலதான் எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு.

"அண்ணே, இரு, பட்டறையில..." என்று எதையோ தொடங்கினான். முடிக்க விடவில்லை. பிடரியைப் பிடித்துத் தூணில் மோதினேன். உதடு கிழிந்து நுரையோடு ரத்தம் வந்தது. அவன் என்னை அடிக்கவில்லை, தள்ளிவிட்டான். நான் அவன் மெஷின் மேல் போய் விழுந்தேன். கையில் அகப்பட்டது எஞ்சினைச் சுற்றிவிடும் இரும்பு ஹேண்டில். தலையைப் பார்த்துத்தான் வீசினேன். இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்ற? தலையைப் பார்த்துத்தான் வீசினேன். அவன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான்.

காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது.

கை மணிக்கட்டில் மடிந்து வேறு பக்கம் தொங்கியது. அவன் அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மறுபடியும் ஓங்கினேன். தம்பி பொண்டாட்டி நடுவில் வந்து விழுந்தாள். அவள் அலறவில்லை. எழுந்து என் முகத்தில் துப்பினாள்.

வீட்டுக்கு வந்து சட்டையை நானே துவைத்தேன். திருடன் கைதானே? முறிந்தால் என்ன?

எதற்காகச் சிரித்தான்?

மார்ச் 10, திங்கள்

போலீஸ் வரவில்லை. நேற்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

சோடாபுட்டி போன் செய்தார். "உங்க தம்பி கை முடிச்சுப் பெட்டியில மாட்டிக்கிச்சாமே? ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஓடிட்டு இருக்கும்போது கயிறு எடுக்கக் கையை விட்டாராம். எத்தனை தடவை சொல்றது இவங்களுக்கு!"

டாக்டரும் நம்பிவிட்டார். ஏன் நம்ப மாட்டார்? இந்த மெஷின் கையை வாங்குவது புதிதா என்ன. பட்டறை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் விரல் குறைந்தவர் எப்போதும் ஒருவராவது இருப்பார்.

எனக்குச் சந்தோஷம். உண்மையைச் சொன்னால் திருட்டும் வெளியே வரும், அதனால்தான் பொய் சொல்கிறான். குற்றமுள்ள நெஞ்சு. கட்டுகளை நானே போய் எடுத்துவந்துவிட வேண்டும்.

மார்ச் 12, புதன்

கடவுளே.

டிராக்டரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் அவன் வயலில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறானே, யார் ஓட்டுவது? இறங்கிப் போனேன்.

தம்பி பொண்டாட்டி. அவனுடைய பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் வரிசையின் எதிரில் நின்று கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். நிறுத்தவில்லை. அறுக்கும் பல்லெல்லாம் பளபளக்க மெஷின் நேராக என் முழங்காலைப் பார்த்து வந்தது. வேகத்தைக் கூட்டினாள் என்றுகூடத் தோன்றுகிறது. பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தேன். மெஷின் கடந்து போகும்போது ஒரு கட்டைத் துப்பியது. அது என் நெஞ்சில் வந்து மோதியது.

அதைத் தூக்கி அவள் மேலேயே எறியப் போனேன். முடிச்சு கையில் பட்டது. குத்தியது.

மீசை.

இது எப்படி? ஒரு நிமிஷம் முன்னாடி நின்னுட்டு இருந்த பயிர்! என் கண் முன்னாடி அறுத்தது! மெஷின் பின்னால் ஓடினேன். அடுத்த கட்டு, மீசை. அதற்கடுத்தது, மீசை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே போட்டுக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி வரிசை முழுக்க ஓடினேன். வரிசை முடிவில் அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பானரோடு இறங்கினாள்.

"இதையும் உன்னுதுன்னு தூக்கிட்டுப் போ" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

பட்டறைக்குப் போனேன். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆமா, உங்க பழைய மூக்குதான். எவனுக்காவது குடுன்னு வீசிட்டுப் போனீங்களே? அன்னிக்கு சாயங்காலமே உங்க தம்பி தன் மெஷின் மூக்கு உடைஞ்சு போச்சுன்னு வந்து நின்னாரு. கொஞ்சம் அரம் போட்டு மாட்டிவிட்டேன். அண்ணனோடதுன்னு சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மீசை மட்டும் இருக்கட்டும்னு சிரிச்சாரு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன், தெற்கு வயல் கட்டெல்லாம் எங்கே என்று.

"டவுன் குடோன்ல. மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு லாரிக்காரர் அன்னிக்கே ஏத்திட்டுப் போயிட்டாரு. அதைத்தான் சொல்ல வந்தேன். டம்ளர் பறந்து வந்துச்சு."

"அப்புறமாவது சொல்றதுக்கென்னடி?"

"நீங்க கேக்கலியே."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையைப் பார்த்தேன். அப்படியே திரும்பிச் சுவரில் என் தலையை மோதினேன். மறுபடியும் மோதினேன். அவள் தடுக்கவில்லை. நின்று பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

மார்ச் 13, வியாழன்

அவன் சிரித்தது நான் வந்ததற்காக. பாகம் பிரித்தபின் அவன் வீட்டு வேலியை நான் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. அண்ணன் வந்துட்டான்னு சிரிச்சிருக்கான். மூக்கு குடுத்தேன்ல, சமாதானம்னு நெனைச்சிருக்கான்.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்களாம். போனேன். தம்பி பொண்டாட்டி வாசலிலேயே அரிவாளோடு நின்றாள். "ஒரு அடி எடுத்து வெச்சா வெட்டிடுவேன்." சும்மா சொல்லவில்லை.

உள்ளே ஜன்னல் ஓரம் அவன் தலை தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை மனைவி சொன்னாள். என்னிடம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம். என் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

மார்ச் 19, புதன்

மறுபடியும் போனேன். கல் பறந்து வந்தது. நெற்றியில் தையல்.

மார்ச் 24, திங்கள்

பட்டறையில் டீ நேரம். பெஞ்சு நிறைய ஆட்கள். எஞ்சின் ஆயில் வாங்கப் போய் வாசலில் நின்றால் நடுவில் தம்பி, கழுத்திலிருந்து தொங்கும் மாவுக்கட்டுக் கையோடு. எல்லோரும் அவன் கையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் கதை சொன்னான். கயிறு எப்படிச் சிக்கியது, இவன் எப்படிக் குனிந்தான், ஊசி எப்படி எகிறியது, மூக்கு எப்படிக் கவ்வியது என்று ஒன்று விடாமல் சொன்னான். நடுநடுவே நகைச்சுவை வேறு. "நல்லவேளை, விரலுக்கு முடிச்சுப் போட்டுக் கட்டோட கட்டா வெளிய தள்ளல!" எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு நன்றாகச் சொன்னான், ஒரு நொடி நானே நம்பிவிட்டேன். நம்பியபோது உடம்பெல்லாம் லேசாக இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

அப்புறம் அவன் என்னைப் பார்த்தான். அந்த வாசலில் நான் எத்தனை நேரமாக நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"கேட்டுப் பாருங்க, எங்கண்ணனுக்கும் தெரியும். இப்படித்தானே அண்ணே ஆச்சு?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். மெஷின் ஆயுசுக்கும் வாயைத் திறக்கப் போவதில்லை.

"இல்ல" என்றேன். "மெஷின் ஒண்ணும் பண்ணல. நான்தான் உடைச்சேன். எஞ்சின் ஹேண்டிலால. மண்டையைப் பாத்து வீசினேன், கை குறுக்க வந்துச்சு. இவன் எதையும் திருடல. எம்மேலதான் எல்லாத் தப்பும்."

டீ கிளாஸை யாரும் கீழே வைக்கவில்லை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

தம்பி எழுந்து என்னிடம் வந்தான். "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாடா?" முதல் தடவையாக டா போட்டான். இடது கையால்தான் அடித்தான். பழக்கமில்லாத கை, அதனால் குறி தப்பித் தாடையில் இறங்கியது. டீ மேஜையோடு விழுந்தேன். எழுந்தேன். மறுபடியும் அடித்தான். இது குறி தப்பவில்லை. வாய் முழுக்க ரத்தம், ஒரு பல் நாக்கில் உருண்டது. பெஞ்சிலிருந்து எழுந்த ஒருவரை சோடாபுட்டி தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாவது அடிக்கு ஓங்கியவன் கையை இறக்கிவிட்டான். மூச்சு வாங்கியது. அழுதான் என்று நினைக்கிறேன், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"மேக்கு வயல் இன்னும் அறுக்காம நிக்குது" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

மார்ச் 25, செவ்வாய்

கஞ்சிதான் இறங்குகிறது. மனைவி ஆற்றிக் கொடுத்தாள். "நல்லா வாங்கினீங்களா?" என்றாள். வாங்கினேன் என்றேன். பல்லைக் கேட்டாள், காட்டினேன். அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

என் மெஷினிலிருந்து புது மூக்கைக் கழற்றித் தம்பி மெஷினில் மாட்டினேன். பழையது எனக்கே இருக்கட்டும். தம்பி பொண்டாட்டி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள் கையில் இல்லை, எட்டும் தூரத்தில் இருந்தது. மாட்டி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவனுடைய மேற்கு வயலை நான் ஓட்டினேன். தம்பி மெஷினுக்குப் பின்னால் நடந்து வந்தான். வலது கை இன்னும் கழுத்திலிருந்துதான் தொங்கியது. கட்டு விழ விழ ஒவ்வொன்றையும் காலால் புரட்டி முடிச்சைப் பார்த்தான். மத்தியானம் வரை இப்படியே போயிற்று.

கடைசி வரிசையில் "நிறுத்து" என்று கத்தினான். எஞ்சினை அணைத்தேன்.

"மீசை இருக்கு."

குதித்து இறங்கி ஓடிப் போய் மண்டியிட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. நிமிர்ந்தேன்.

அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா சொல்லியிருக்கிறான்.