புகையிலை டப்பாவில் கிளிசரின்

பிலோமி,

இப்பெல்லாம் யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. பைப் புகையிலை காயாமல் இருக்க டப்பாவில் உருளைக்கிழங்குத் தோல் போட்டிருந்தேன். குப்பையென்று எடுத்து எறிந்தாய். புகையிலை சருகான பிறகு, உன் குதிகால் வெடிப்புக்குத் தடவுகிற கிளிசரினை அதில் தெளித்திருக்கிறாய். கம்பெனிக்காரனும் அதைத்தான் சேர்க்கிறான் என்று உன் மகன் போனில் சொன்னானாம். அவன் போய்ப் பார்த்தானா?

கப்பைக்கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். கிளிசரின் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு, வெடித்த காலோடு பூசைக்கு நடந்து போயிருக்கிறாய். தேவிகுளத்தில் வேறு வாங்கி வருகிறேன். காலுக்கு மட்டும்.

சுவக்கீன்

புதுத் தோல் போட்டிருக்கிறேன். எறியாதே.

ஒரு பைப் பிடித்துப் பார்த்தேன். தொண்டை எரியவில்லை, ஈரம் இருக்கிறது. தோல் இப்போதுதான் போட்டேன். ஆனாலும் அதன் வேலையாகத்தான் இருக்கும். பஸ் சத்தம் கேட்கிறது, போகிறேன்.