ஒரு கேமராவுக்குத்தான் இடம் இருக்கிறது, அக்கா

அக்கா,

பீரோவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். தோல் உறை, நாப்தலின் உருண்டை, அடியில் லேசாகப் புளித்த பழைய பிலிம் வாடை. அப்புறம் வண்டு. கேமராக்களுக்கு ஈரம் பிடிக்கக் கூடாதென்று துணியில் அரிசியை முடிந்து ஒவ்வொரு தட்டிலும் வைத்தீர்களே, அதில் வந்த வண்டு. "பூஞ்சை வராது, வண்டுதான் வரும்" என்று அப்போதே சொன்னேன். "வண்டுன்னா தட்டி விட்றலாம். பூஞ்சைய என்ன செய்வ?" என்றீர்கள். அது சரிதான். ஒவ்வொரு கேமராவையும் எடுத்து வாசலில் தட்டி, துடைத்து, கூடத்தில் பாய் விரித்து வரிசையாக வைத்தேன்.

ஜெய்ஹிந்துபுரம் வீட்டைக் காலி செய்த சமயம் அது. மகன் சமயநல்லூரில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறான். எனக்கென்று ஒரு அறை, சுவரோடு சுவராக ஒரு அலமாரி. பீரோ லிப்டில் ஏறாது. மருமகள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். "அத்தே, அம்புட்டையும் அங்க வைக்க முடியாது. ஒண்ணு வச்சுக்கங்க. எதுன்னு நீங்களே பாருங்க."

இவ்வளவு கேமராவை நாம் வாங்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாம் இருவரும் போட்டோ தொழிலுக்காக வாங்கியவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் வந்து சேர்ந்தவை. போன இடத்தில் யாராவது பரணிலிருந்து ஒன்றை இறக்கி, "எங்க மாமனார் வச்சிருந்தது, சும்மா கெடக்கு, நீங்க கொண்டு போங்க" என்பார்கள். உங்களுக்கு வேண்டாமென்று சொல்லத் தெரியாது. பையில் போட்டுக்கொள்வீர்கள். உங்கள் வீட்டில் இடமில்லாததால் எல்லாம் என் வீட்டு பீரோவுக்கு வந்தன. பலதில் ஷட்டர் அசையாது. ஒன்றில் லென்சே இல்லை.

அந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்தபோது உங்கள் அண்ணன் ஸ்டூடியோ ஞாபகம் வந்தது. தெற்குவாசலில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த இருட்டறையில் நான் நெகட்டிவ்களில் கீறலும் புள்ளியும் மறைக்கும் டச்சிங் வேலை செய்துகொண்டிருந்தேன். பேரையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீங்கள் முன்னால் ரசீது போட்டுக்கொண்டு, போனில் உங்கள் வீட்டு மொழியில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. வளைகாப்புக்குப் படம் எடுக்க வேண்டும், ஆனால் ஆண்பிள்ளை உள்ளே வரக் கூடாது என்றார்கள். உங்கள் அண்ணன் நம் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. பிளாஷ மட்டும் போட மறந்துறாதீங்க" என்றார். நாம் மறந்தோம். முதல் ரோலில் பாதி இருட்டு.

இருந்தாலும் அதன் பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். வளைகாப்பு, சடங்கு, கல்யாணத்தில் பெண்கள் பக்கம். காஜிமார் தெருவிலும் மேலூர்ப் பக்கமும் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் கூடத்துக்குள் போகும் போட்டோகிராபர் நாம்தான் என்று பெயரே வந்துவிட்டது. என் படங்கள் உங்கள் படங்களைவிட நன்றாக இருந்தன. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, நீங்களும் மறுத்ததில்லை. உங்கள் படத்தில் சுவர் சாயும், தலைக்கு மேலே காற்றாடி முளைக்கும். ஆனால் உங்கள் முன்னால் நின்ற பெண்கள் என் முன்னால் நின்றதில்லை. உங்கள் அண்ணனின் இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பீர்கள். யாரையும் நேராக முறைத்துப் பார்க்காததால் அவர்களுக்கு வெட்கம் விட்டுப்போகும்.

டிஜிட்டல் வாங்க வேண்டுமென்று நின்றது நீங்கள்தான். நான் வேண்டாமென்றேன். பிலிம் கழுவுகிற இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தும் வேண்டாமென்றேன். நீங்கள் சொன்ன காரணம் எனக்கு அப்போது விளையாட்டாகத் தெரிந்தது. "இதுல எடுத்த உடனே அவங்ககிட்டயே காமிக்கலாம் புள்ள. புடிக்கலேன்னா அங்கேயே அழிச்சு எடுத்துறலாம்."

சொன்னபடியே செய்தீர்கள். ஒவ்வொரு படமும் எடுத்ததும் கேமராவைத் திருப்பி, அந்தப் பெண்ணுக்குக் காட்டி, "இருக்கட்டுமா, எடுத்துரவா?" என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக்கு நேரமாகும், முகூர்த்தம் தப்பும், உங்களுக்குக் கவலையில்லை. காஜிமார் தெருவில் ஒரு நன்னிமா, பேத்தியின் நிக்காஹில் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். நான் எடுத்தேன். பல்லில்லாத வாய், நழுவிய துப்பட்டா, முகம் முழுக்கச் சிரிப்பு. நீங்கள் போய்க் காட்டினீர்கள். "வேணாம்மா, பல்லு இல்லாம கெடக்கேன்" என்றார். எடுத்துவிட்டீர்கள். அன்று உங்களோடு நான் வீடு வரை பேசவில்லை. அந்தப் படம் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் அதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த சடங்கு வீட்டைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். பட்டுச் சேலையும் மாலையுமாக அந்தப் பிள்ளையைத் தனியாக நிற்கவைத்து நிறையப் படம் எடுத்தோம். அடுத்த சேலை மாற்றும்போது, கதவு சாத்தியிருந்த அறையில், அது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, என் போட்டோவ பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் வச்சிருவாங்க. எங்கூடப் படிக்கிற பசங்க அம்புட்டுப் பேரும் அங்கதான் பஸ்ஸுக்கு நிப்பாய்ங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மாமாகிட்ட பேச முடியாதுன்னு சொல்லிருச்சு."

நீங்கள் அதன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கேமராவை அதன் கையில் கொடுத்தீர்கள். எதை வைப்பது, எதை அழிப்பது என்று அதுவே பார்த்துச் சொன்னது. தனியாக நின்ற படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குடும்பத்தோடு நின்றவை மட்டும் இருந்தன. மெமரி கார்டு கெட்டுப்போனது என்று சொல்லிவிடலாம் என்று நான் உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் தலையைக்கூட ஆட்டவில்லை.

சாயங்காலம் தாய்மாமன் பிளெக்ஸ் கடைக்காரரோடு வந்து நின்றார். "என்னங்க இது, ஒத்தப் படம்கூட இல்ல? அம்புட்டு நேரம் என்னத்த எடுத்தீக?"

"எடுத்தோம்ண்ணே. புள்ள வேணாம்னு சொல்லுச்சு. அழிச்சிட்டேன்."

"அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? சீரு செஞ்சது நானு. ஊருக்குத் தெரிய வேணாமா?"

"நீங்க செஞ்சது ஊருக்குத் தெரியட்டும்ண்ணே. உங்களத் தனியா ஒண்ணு எடுத்துத் தாரேன், வாங்க."

அந்தப் பிள்ளையின் அம்மா அதுவரை அடுப்படியில் இருந்தவர், ஈரக் கையோடு வெளியே வந்து, "விடுண்ணே, குடும்பப் படத்தையே போடுவோம்" என்றார். முறைத்துக்கொண்டே மாமன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்கள் அவர் மீசையைச் சரிசெய்யச் சொன்னீர்கள். அந்த பிளெக்ஸில் அவர் படம்தான் பெரிதாக இருந்தது. பிள்ளை ஒரு ஓரத்தில், அப்பத்தாவின் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக நின்றது.

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப நாளைக்கு யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. திரும்பும் பஸ்ஸிலேயே உங்களோடு சண்டை போட்டேன். நாம் வேலைக்குப் போனோமா, பஞ்சாயத்துக்குப் போனோமா என்று கேட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அதோட மூஞ்சி புள்ள" என்றீர்கள். பஸ் கப்பலூர் தாண்டியதும் தூங்கிவிட்டீர்கள்.

உங்களுக்கு நோய் வந்தபோது நாம் தொழிலை நிறுத்தியிருந்தோம். ஆளுக்கொரு போனில் எல்லோரும் எடுக்கிறார்கள், நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள். மருந்து ஏற்றி முடித்து நீங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மத்தியானம், தெற்குவாசல் வீட்டு மாடியறையில், நீங்களாகத்தான் கேட்டீர்கள். "கேமராவ எடுத்துட்டு வாயேன். எப்பிடி இருக்கேன்னு பாப்போம்." ஆட்டோ பிடித்துப் போய் டிஜிட்டலை எடுத்துவந்தேன். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஒன்று எடுத்தேன். ஒன்றே ஒன்று. எடுத்த உடனே தெரிந்துவிட்டது, நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

கேமராவைத் திருப்பிக் காட்டினேன். நீங்கள் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"நல்லாத்தான் எடுத்திருக்க. எடுத்துரு."

"அக்கா, இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்க்கா. யாருக்கும் காட்ட மாட்டேன்."

"எடுத்துரு புள்ள."

அழித்தேன். நீங்கள் கேமராவை வாங்கி, இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதியானதும் என்னிடம் கொடுத்தீர்கள். அப்புறம் காபி கேட்டீர்கள்.

நீங்கள் போன அன்று உங்கள் மகன் போன் செய்தான். "சித்தி, அம்மாவ கடைசியா எடுத்த படம் ஏதும் இருக்கா? போஸ்டருக்கு வேணும். எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் ரொம்பப் பழசு." இல்லையென்றேன். மாடியறையில் கேமராவோடு என்னைப் பார்த்ததைச் சொல்லிக் கேட்டான். அழிக்கச் சொல்லிவிட்டார் என்றேன். "அழிச்சாலும் திரும்ப எடுக்கலாம் சித்தி. டவுன்ஹால் ரோட்டுல செஞ்சு தாராங்க. கார்ட மட்டும் குடுங்க."

எனக்கும் தெரியும். அழித்த படம் உடனே போய்விடாது. அதன் மேல் வேறு படம் வந்து உட்காரும்வரை கார்டின் அடியில் கிடக்கும். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நேரமில்லாததால் பழைய படத்தையே போட்டார்கள். மகால் பக்கச் சுவர்களில் நீங்கள் கறுப்பு முடியோடு, ரசீது போடுகிற காலத்து முகத்தோடு ஒட்டியிருந்தீர்கள். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. நானும் கார்டைக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமராவில் வேறு படமும் எடுக்கவில்லை. என்றைக்காவது டவுன்ஹால் ரோட்டுக்குப் போவேன் என்று மனதுக்குள் எங்கோ வைத்திருந்தேன். இரண்டு தீபாவளி போய்விட்டது.

மருமகள் வந்து வரிசையைப் பார்த்தாள். அவளுக்கு இரட்டை லென்ஸ்தான் பிடித்தது. "இத ஹால் ஷோகேஸ்ல வைக்கலாம் அத்தே, வர்றவங்க கேப்பாங்க." பார்ப்பதற்கு அழகு அதுதான், ஆனால் அது உங்கள் அண்ணனுடையது. உங்கள் மகனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "மாமா கேமராவா!" என்று வாங்கி, குனிந்து உள்ளே பார்த்தான். மேலிருந்து பார்க்கும்போது உங்கள் நெற்றி மாதிரியே இருந்தது. நாம் வருஷக்கணக்காகச் சுமந்த பிலிம் கேமராவையும் மற்றவற்றையும் ஒரு கல்லூரியிலிருந்து வந்து அட்டைப் பெட்டியில் எடுத்துப் போனார்கள். ஓடாததும் வேண்டுமாம், பிரித்துக் காட்டுவார்களாம்.

பாயில் மிஞ்சியது டிஜிட்டல் ஒன்றுதான். ரப்பர் உரிந்து, பிளாஷ் மடங்காமல், அசிங்கமாக இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது மற்ற எல்லாப் பொத்தான்களிலும் குறி தெளிவாக இருந்தது. அழிக்கும் பொத்தானில் மட்டும் குப்பைத்தொட்டிப் படம் முழுசாகத் தேய்ந்து, வெறும் கறுப்பாக இருந்தது. அதை அப்படித் தேய்த்த விரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இதை வைத்துக்கொள்கிறேன் என்று மருமகளிடம் சொன்னேன். "இதுவா?" என்றாள். இது ஓடுகிறது என்றேன்.

வைத்துக்கொள்வதென்றால் அந்தக் கார்டை என்ன செய்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். கார்டை மட்டும் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்று ஒருநாள் நினைத்தேன். மறுநாள் அதை அந்தக் கேமராவிலேயே விட்டு, சார்ஜ் போட்டேன்.

சமயநல்லூர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. போட்டோவுக்கு ஆள் இருக்கிறதாம். "நீங்க சும்மா எடுங்க ஆன்ட்டி" என்றாள். எடுத்தேன். ஒவ்வொருவரிடமும் திருப்பிக் காட்டிக் கேட்டேன். இருக்கட்டும் என்றவர்கள் அதிகம். ஓரிருவர் வேண்டாமென்றார்கள், அழித்துவிட்டேன். அதில் ஒன்று நல்ல படம். வருத்தம்தான், ஆனால் அழித்துவிட்டேன். அப்புறம் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கிறவர்கள், தண்ணீர் லாரிக்கு நிற்கிறவர்கள், பேத்தியின் பள்ளி வேன் என்று தினமும் எடுத்தேன். போன வெள்ளிக்கிழமை, கார்டில் இடமில்லை என்று கேமரா சொல்லிவிட்டது.

இனி உங்கள் படத்தை டவுன்ஹால் ரோட்டில் யாராலும் மீட்டு எடுக்க முடியாது, அக்கா. அந்த மத்தியானத்துப் படம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று மருமகள் கேட்டாள், உங்கள் மகனும் கேட்டான். நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.