ஓலை வாசித்து முடியட்டும் என்றார்கள்

என் அன்பு அக்கா,

தம்பியின் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்கும் அந்த அறிவிப்பை, இன்று பூசையில் கடைசித் தடவையாக வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்" என்று சுவாமியார் சொன்னபோது எழுந்து நின்று கத்தவேண்டும் போல் இருந்தது. தம்பிக்கு எதிராக அல்ல. உங்களுக்காக.

என் ஓலை வாசித்த நாட்களில்தான், உங்கள் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையில் மாற்றம் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று குடும்பநல மாது வந்து சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பினம்? தங்கச்சியின்ரை ஓலை வாசிச்சு முடியட்டும்" என்றாராம் அம்மா. நீங்களும் ஓம் என்றீர்களாம். ஓலை முடிந்தது. பிறகு கல்யாணம், விருந்துகள், நத்தார்ப் பண்டிகை. இரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தீர்கள்.

எனக்கு ஒருவரும் மூச்சு விடவில்லை. உங்களைப் புதைத்த பிறகுதான் தெரியும். என் கல்யாணத்துக்காகப் பொறுத்திருக்கச் சொல்லி நான் கேட்டேனா அக்கா? அம்மாவில் மட்டுமல்ல, உங்களிலும் எனக்குக் கோபம்.

இப்போது கேளுங்கள். முப்பத்தைந்து வயதாகிவிட்டதென்று என்னையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். எனக்கும் மாற்றம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் பொறு பிள்ளை. தம்பிக்கு இப்பதான் பேசி முடிச்சிருக்கு. ஓலை வாசிச்சு முடியட்டும்."

அதே பேச்சு அக்கா!

"அக்காவும் பொறுத்தவதானே அம்மா. இப்ப எங்கை அவ?"

மீன் வெட்டிய கத்தி நின்றது. அம்மா அழுதார். நான் தேற்றவில்லை.

நான் போனேன். "மாற்றம் எண்டால் புற்றுநோய் எண்டு அர்த்தமில்லை. வடிவாப் பார்த்தால்தான் தெரியும்" என்றார் டொக்டர். வினாகிரி போல ஒன்றைத் தடவி, பெருப்பித்துக் காட்டும் கருவியால் பார்த்து, கிள்ளினாற்போல் சிறு துண்டு எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. விட்டால் அப்படி ஆகக்கூடிய உயிர்க்கலங்கள். விறைப்பூசி போட்டு அந்த இடத்தை மட்டும் அகற்றினார்கள். அன்று பின்னேரமே வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன். இனி அவர்கள் சொல்லும் நேரங்களில் திரும்பச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவுதான் அக்கா. இவ்வளவுக்குத்தான் உங்களை விட்டுக்கொடுத்தோம்.

இன்று பூசை முடிந்ததும், தம்பிக்குப் பேசிய பெண்ணின் தாய், பாசையூரிலிருந்து வந்திருந்தவர், என்னைக் கோயில் மதிலோரம் இழுத்துப் போனார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனனீங்களாம்?"

"ஆர் சொன்னது மாமி?"

"உங்கடை அம்மாதான். மூத்தவவின்ரை கதையும் சொல்லி அழுதவ." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மாற்றம் எண்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னவை பிள்ளை. மகளின்ரை ஓலை முடியட்டும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கிறன்."

யாருக்குப் பயந்து அம்மா வாயை மூடச் சொன்னாரோ, அவர்கள் எங்களுக்குப் பயந்து வாயை மூடியிருக்கிறார்கள்.

"ஓலை முடிஞ்சுது மாமி," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "நாளைக்கு விடிய ஓட்டோவோடை வாறன். வெளிக்கிட்டு நில்லுங்கோ."

"கல்யாண வேலை கிடக்கே பிள்ளை..."

"கிடக்கட்டும்."

என் உடம்பைப் பற்றி யாரிடமும் கதைக்காதவள் நான். உங்களுக்குத் தெரியும். இனிக் கதைப்பேன். என் காதுக்கெட்டிய தூரத்தில் எந்தப் பெண்ணையும், எந்த ஓலைக்காகவும், பொறுத்திருக்க விடமாட்டேன். நாளை மாமியிலிருந்து தொடங்குகிறேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் தங்கச்சி