உன் கால் எட்டுவதற்காக இழுத்துவைத்த சீட்

என் சின்னப்பொண்ணு,

உனக்குக் கேட்குமோ கேட்காதோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் தம்பி மகள் தேவிக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஆசைப்பட்ட மாதிரியே நம் பழைய அம்பாசிடரில்தான் மலையிலிருந்து ஆலங்காயம் மண்டபத்துக்கு வந்து இறங்கினாள். எப்படி வந்தாள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போன பிறகு அந்த வண்டியை நான் தொடவில்லை. கொட்டகைக் கதவைத் திறக்கவே கை வராது. பத்திரிகை வைக்க வந்த அன்று தேவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, நான் அத்தை வண்டியிலதான் மண்டபத்துக்கு வருவேன். வேற வண்டி வந்தா ஏற மாட்டேன்."

"ஓட்றதுக்கு ஆளு?"

"ஏன், நீங்க இல்லியா?"

சிரிக்கும்போது அவளுக்கு அப்படியே உன் முகம். எப்படி மறுப்பேன், சொல்லு?

புது பேட்டரி போட்டதும் வண்டி இருமி இருமிக் கிளம்பிவிட்டது. எனக்குத்தான் உள்ளே உட்கார முடியவில்லை. ஸ்டீயரிங் வயிற்றில் முட்டியது. க்ளட்சில் கால் வைக்கவே இடமில்லை. உன் கால் எட்டுவதற்காக முன்னால் இழுத்துவைத்த சீட், அங்கேயே நின்றுபோயிருந்தது. அடியில் இருக்கும் லீவரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசைவேனா என்றது.

உன் தம்பி கோவிந்தன் மறுநாளே மலையிலிருந்து வந்துவிட்டான். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "இந்தப் பக்கம் கொக்கி வுடுது மாமா. அந்தப் பக்கம் வுடல. ரெண்டையும் சேக்கற கம்பி அறுந்து கெடக்குது." சீட் நகரும் இரும்புப் பட்டை முழுக்கத் துரு. நீ வருஷா வருஷம் ஏற்றி வந்த மூட்டைகளிலிருந்து கொட்டிய சாமைத் தவிடும் புளியும் கிரீஸோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. சீட்டையே கழற்றிவிடலாம் என்றால், முன்பக்க போல்ட் சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. சீட் பின்னால் போனால்தான் ஸ்பேனர் போடலாம்.

"கழட்டனாத்தான் நகரும், நகந்தாத்தான் கழட்ட முடியும். இன்னா மாமா இது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். இருவரும் சிரித்துவிட்டோம். நீ போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

துருவுக்கு எண்ணெய் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊறவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்ததும் கோவிந்தன் அந்தப் பக்கத்துக் கொக்கியை ஸ்குரு டிரைவரால் நெம்பிப் பிடித்தான். நான் இந்தப் பக்கத்து லீவரைத் தூக்கிக்கொண்டு, உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து, காலை ஊன்றிப் பின்னால் தள்ள வேண்டும்.

"தள்ளுங்க மாமா."

எனக்குத் தள்ள வரவில்லை. உன் புடவைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. வேண்டும்போது எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். இது அப்படியா? ஒரு தரம் நகர்ந்துவிட்டால், நீ வைத்த இடம் எதுவென்று எனக்கு யார் சொல்வார்கள்?

"இன்னா மாமா, கால் வலிக்குதா?" என்று தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. "அக்கா வெச்ச எடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கலாமா?"

"வேணாம்டா. அந்தக் கோட்ட பாத்துக்கினு நான் எப்டி வண்டி ஓட்றது?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உந்தினேன். கிரீச்சென்று அலறிக்கொண்டு சீட் பின்னால் போனது. கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துரு விழுந்துவிட்டதாம்.

புதுக் கம்பி போட்டு, கிரீஸ் தடவிய பிறகு லீவர் விரலுக்கே அசைந்தது.

கல்யாணத்தன்று காலையில் மலை ஏறியதில் ஒன்றும் கஷ்டமில்லை. இறங்கும்போது தேவி பட்டுப்புடவையில் என் பக்கத்தில், கோவிந்தன் பின்னால். உனக்குத் தெரியாததா? இறக்கத்தில் பள்ளத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

தேவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எறங்கி இந்தப் பக்கம் வாங்க மாமா."

"இன்னாம்மா நீ, கல்யாணப் பொண்ணு..."

"அத்தை எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததே இந்த ரோட்லதான். வாங்க."

"மாப்ள வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றான் கோவிந்தன்.

"பாக்கட்டும்ப்பா."

புடவையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, லீவரைப் பிடித்து சீட்டை முன்னால் இழுத்தாள். நம் வண்டியில் முன்பக்கம் ஒரே நீள சீட்டாயிற்றே, அவளோடு நானும் முன்னால் போனேன். முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் போய் முட்டின. இத்தனை வருஷம் உன் பக்கத்தில் இப்படித்தானே மடங்கி உட்கார்ந்து வந்தேன்! "கொஞ்சம் பின்னால தள்ளேன்" என்று எத்தனை தரம் முணுமுணுத்திருப்பேன். அன்று ஆலங்காயம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது. திரும்பி அவளைப் பார்க்கவும் இல்லை. பார்க்காதவரை ஓட்டுவது நீதான் என்று இருக்கலாம் அல்லவா?

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பின்கதவுப் பக்கம் காத்திருந்தார்கள். பெண் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு, "எங்க வூட்டு டிராக்டருக்கும் ஆளு வந்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே தட்டைச் சுற்றினாள்.

தேவி இப்போது திருப்பத்தூரில் இருக்கிறாள். நேற்று போனில், "வண்டிய தெனம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்றீங்களா மாமா?" என்று அதட்டினாள். பண்ணுகிறேன்.

கோவிந்தனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளைவுகளில் பழக ஆரம்பித்திருக்கிறேன். சாமை அறுப்பதற்குள் ஒரு நாள் யார் துணையும் இல்லாமல், மலைமேல் நீ படுத்திருக்கும் அந்த மேட்டு நிலத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். சத்தியமாக வருவேன். மெதுவாகத்தான் வருவேன், நேரமாகும். நீ பயப்படாதே.

உன் வூட்டுக்காரன்